புறாக்களை விரட்டிய டைமிங்

பூனாவின் கோந்த்வா பகுதியில் எங்கள் அபார்ட்மென்டின் கீழ்த்தளத்தில், ஒரு தூணுக்கும் தண்ணீர் மோட்டார் அறைக்கும் நடுவில் என் கார் நிற்கும். பெட்டி போலச் சதுரமான பழைய வண்டி. ஒரு காலத்தில் பம்பாயில் மஞ்சள் கூரையோடு டாக்சியாக ஓடிய அதே ஜாதி. அதற்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. "ரெண்டு பேருக்கும் காலைல சூடாக நேரமாகுது" என்று என் கணவர் சொல்வார். அவர் சென்னைக்காரர். ஹடப்சரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்வார். நான் கோயம்புத்தூர். அதே ஹடப்சரில் வங்கி வேலை.

காரை எங்கள் வங்கியின் பழைய மேனேஜரிடமிருந்து வாங்கினேன். ஓய்வு பெற்று நாசிக் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு மாறுவதற்குள் நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் காத்ரஜ் மலை ஏற்றத்தில் அது கொதித்து நின்றது. பானெட்டைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. எங்கள் பக்கத்து மெக்கானிக் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, சமன்செய்து, புது கேஸ்கெட் வைத்து மூடினார். எல்லாம் நன்றாகத்தான் செய்தார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டி டைமிங் வைக்கிற வேலை மட்டும் பாக்கி இருந்தபோது, தங்கை கல்யாணம் என்று லாத்தூர் கிளம்பிவிட்டார். ஷெட்டைப் பூட்ட வேண்டும் என்பதால் வண்டியைக் கட்டி இழுத்து எங்கள் பார்க்கிங்கில் விட்டார். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டுப் பின் சீட்டில் வைத்தார்.

"கல்யாணம் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன், வஹினி" என்றார். வஹினி என்றால் அண்ணி. பூனாவில் பாதிப் பேருக்கு நான் அண்ணி.

கல்யாணம் முடிந்தது. அவர் வரவில்லை. எப்போது போன் செய்தாலும் பின்னால் மேளம் கேட்டது. இவ்வளவு நீளமான கல்யாணத்தை நான் கண்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் லிஃப்டில் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஓடாத வண்டிகளைப் பார்க்கிங்கிலிருந்து அகற்றுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் முடிவெடுக்கப்படும் என்று இருந்தது. 'வண்டிகள்' என்று பன்மையில் போட்டிருந்தது நாகரிகம் கருதித்தான். ஓடாதது என் வண்டி ஒன்றுதான்.

நோட்டீஸ் போட்டவர் எங்கள் சொசைட்டி செக்ரெட்டரி. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். ஆவடியில் சில வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார். அந்தத் தமிழை அவர் பாரக்ஸில் கற்றுக்கொண்டதால் அதில் 'நீங்கள்' என்ற வார்த்தை கிடையாது. மரியாதைக்கு முன்னால் ஒரு 'மேடம்' சேர்த்துக்கொள்வார்.

"மேடம், நீ கோச்சிக்காதே" என்றார் லிஃப்டில் பார்த்தபோது. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணு. உன் காடி ஓடினா வெச்சுக்கோ. ஓடலேன்னா தூக்கிப் போடு."

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு அந்தக் கார்லயே வர்றேன் பாருங்க" என்றேன். மீட்டிங் நடப்பது மொட்டை மாடியில் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

சனிக்கிழமை காலையில் நானும் கணவரும் வேலையைத் தொடங்கினோம். அவர் ஏழெட்டு வீடியோ பார்த்துவிட்டுத் தயாராக வந்திருந்தார். கையில் ரப்பர் உறை வேறு. எஞ்சினுக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவர் போல இருந்தார்.

டைமிங் என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். பெட்ரோல் ஆவியும் காற்றும் சிலிண்டருக்குள் வந்ததும், பிஸ்டன் மேலே ஏறி அதை இறுக்குகிறது. இறுக்கி முடிக்கிற அந்த நேரத்தில் பிளக்கில் பொறி விழவேண்டும். எந்தச் சிலிண்டருக்கு எப்போது பொறி போகவேண்டும் என்று பார்த்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதைக் கழற்றிவிட்டால், மறுபடி எஞ்சினோடு அதை ஒத்துப்போக வைக்க வேண்டும். இதற்காக எஞ்சினின் முன்பக்கம் சுழலும் சக்கரத்தில் ஒரு கோடும், அதற்கு எதிரே அசையாத ஒரு முள்ளும் உண்டு. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஸ்பேனர் போட்டுச் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினேன். கணவர் டார்ச் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டிருந்தார்.

"வருது, வருது... இன்னும் கொஞ்சம்... நிறுத்து! கோடும் முள்ளும் கரெக்டா நேர்ல நிக்குது."

"ஏங்க, இது சரியான சுத்துதானுங்களா?"

"கோடு நேரா வந்தா வந்ததுதான். அதுல என்ன சரி, தப்பு?"

எனக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் அவர் அவ்வளவு தெம்பாகச் சொன்னதில் விட்டுவிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரை உட்கார வைத்தோம். ஒயர்களை வரிசைப்படி மாட்டினோம். நான் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உர் உர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

படார்!

கீழ்த்தளம் அதிர்ந்தது. சைலன்சர் வாயிலிருந்து கறுப்பாக ஒரு புகைக் குண்டு கிளம்பி, பக்கத்து வண்டியின் கவரில் போய்ப் படிந்தது. கணவர் இருந்த இடத்தில் டார்ச் மட்டும் கிடந்தது. அவர் தூணுக்குப் பின்னால் இருந்தார்.

அதைவிட முக்கியமானது வெளியே நடந்தது. எங்கள் கட்டடத்தின் ஜன்னல் விளிம்புகளிலும் குழாய்ச் சந்துகளிலும் ஏசிப் பெட்டிகளின் மேலும் குடித்தனம் நடத்திவந்த புறாக்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் எழும்பின. எங்கள் கட்டடத்தில் மனிதர்களைவிடப் புறாக்கள் அதிகம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆகாயம் கொஞ்ச நேரம் சாம்பல் நிறமாகிவிட்டது.

"இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்றார் கணவர், தூணுக்குப் பின்னாலிருந்தே.

போட்டேன். படார். அவர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொன்னார். படார். வலது பக்கம். படார். அதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடத்தது. முதலில் வந்தவர் சுபேதார். பாதி முகத்தில் ஷேவிங் நுரை, தோளில் துண்டு.

"மேடம்! பாம் வெச்சியா?"

"டைமிங் வெக்கிறோமுங்க."

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சைலன்சர் வாயை முகர்ந்து பார்த்தார். கணவரின் ரப்பர் உறையை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு மீட்டிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு மீதி முகத்தை மழிக்கப் போனார்.

கணவர் காபி குடிக்க மேலே போனதும் நான் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உறுத்தியது என்ன என்று அப்போதுதான் பிடிபட்டது. பிஸ்டன் உச்சிக்கு இரண்டு காரியங்களுக்காக வருகிறது. ஒருமுறை ஆவியை இறுக்குவதற்கு. அடுத்த முறை, எரிந்த புகையை வெளியே தள்ளுவதற்கு. இரண்டு தடவையும் கோடு முள்ளுக்கு நேராகத்தான் வரும். நாங்கள் புகை தள்ளுகிற சுற்றில் டைமிங் வைத்துவிட்டோமோ? அப்படியானால் பொறி விழும்போது சிலிண்டரில் எரிய ஒன்றும் இருக்காது. எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, அங்கே வெடிக்கும்.

சோதித்துப் பார்க்க முதல் பிளக்கைக் கழற்றினேன். டிஷ்யூ பேப்பரை உருட்டி அந்த ஓட்டையில் இறுக்கமாகச் செருகினேன். காபியோடு இறங்கி வந்த கணவர் அடைப்பைக் கூர்ந்து பார்த்தார்.

"இது என்ன, மூக்குல பஞ்சு வெச்ச மாதிரி?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். டெஸ்டிங்காரர் இன்னும் பக்கத்தில் வந்தார்.

சக்கரத்தைத் திருப்பினேன். கோடு முள்ளுக்கு நேரே வந்தது. அடைப்பு அசையவில்லை. நாங்கள் டைமிங் வைத்தது இந்தச் சுற்றில்தான். இன்னொரு முழுச் சுற்று திருப்பினேன். கோடு நெருங்கும்போதே 'டப்' என்று பேப்பர் உருண்டை பீறிட்டுக் கிளம்பி அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. காபி சட்டையில் கொட்டியது.

"இதுதான் சரியான சுத்து" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார்.

பிறகு வேலை சுலபமாக முடிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரைச் சுற்று திருப்பி உட்கார வைத்தோம். சரியான இடத்தைப் பிடிக்க ஒரு சின்ன பல்பை ஒயரில் கட்டி வைத்தோம். டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, பொறியை உண்டாக்கும் பாயிண்ட் உள்ளே திறக்கிற அந்த இடத்தில் பல்பு எரிந்தது. அங்கேயே நட்டை இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும், இத்தனை நாள் ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் போலச் சீரான சத்தம். கணவர் என் தோளைத் தட்டினார். அங்கே ஒரு க்ரீஸ் கை பதிந்தது.

அது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். பூனா தூங்குகிற நேரம். அந்த வேளையில் இந்த ஊரில் காலிங்பெல் அடிப்பதே குற்றம். கட்டடத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வண்டியை அதே இடத்தில் நிறுத்தினேன். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. வண்டி சரியான விஷயம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் மீட்டிங்கில் எழுந்து, எல்லோரையும் கீழே அழைத்துப்போய் வண்டியைக் கிளப்பிக் காட்டுவது என்று திட்டம். சுபேதார் அந்த விஷயத்தை எடுத்த உடனே, நான் எழுவதற்குள் மூன்றாம் மாடிக் காக்கு எழுந்துவிட்டார். காக்கு என்றால் சித்தி. எல்லோருக்கும் அவர் காக்கு. புறாக்களை விரட்ட வலை கட்டி, பழைய சிடிக்களைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்துப் பார்த்தவர். அந்த ஆந்தையின் தலையிலேயே ஒரு புறா முட்டையிட்டதாகக் கேள்வி.

"அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது!" என்று மராட்டியில் முழங்கினார். "நேத்து அது வெடிச்சதிலிருந்து என் பால்கனியில ஒரு புறா கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது. இத்தனை வருஷத்துல நேத்துதான் துணியை வெளியே காயப்போட்டேன்."

மொட்டை மாடியே தலையாட்டியது. நாலாம் மாடி, இரண்டாம் மாடி எல்லோருக்கும் அதே அனுபவம். தினமும் காலையில் ஒருமுறை வெடித்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். என் கணவர் என் கையைக் கிள்ளினார். உண்மையைச் சொல் என்று கிள்ளினாரா, சொல்லாதே என்று கிள்ளினாரா என்று இன்றைக்கும் தெரியாது.

சுபேதார் தாடையைத் தடவினார். "மேடம், டெய்லி பண்ண முடியுமா உன்னாலே?"

நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். "கஷ்டந்தானுங்க. ரிப்பேர் வண்டி. முயற்சி பண்றேன்."

கைதட்டினார்கள். என் கார் அதே இடத்தில் நிற்கலாம் என்று ஒருமனதாக முடிவானது.

கீழே இறங்கும்போது கணவர் கிசுகிசுத்தார். "இப்போ என்ன பண்ணப் போறே? நல்லா ஓடுற வண்டிய மறுபடி கெடுக்கணுமா?"

கெடுக்கத் தேவையில்லை. பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு ஒரு குறும்பு உண்டு. சரிவில் கியரில் இறங்கும்போது சாவியை அணைத்துவிட வேண்டும். எஞ்சின் சுற்றிக்கொண்டே பெட்ரோலை உறிஞ்சும், பொறி இருக்காது. எல்லாம் சைலன்சரில் போய் நிரம்பும். அப்போது சாவியைப் போட்டால் படார். ரோட்டிலிருந்து எங்கள் பார்க்கிங்குக்கு இறங்குவதற்கு அருமையான சரிவு இருந்தது.

தினமும் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் இது என் கடமையானது. ரிப்பேர் சோதனை என்ற பெயரில் சாலையில் ஒரு வட்டம் போய்விட்டு வந்து, சரிவில் இறங்கி ஒரு வெடி. பிறகு பானெட்டைத் திறந்து, நெற்றியைச் சுருக்கி, பழைய துணியில் கையைத் துடைத்துக்கொள்வேன். மேலே பால்கனியிலிருந்து காக்கு கையாட்டுவார். ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி டப்பாவில் வந்து இறங்கும். என் வாழ்க்கையில் பொய்க்கு இவ்வளவு ருசி இருந்ததில்லை.

பிரச்சினை புறாக்களிடமிருந்து வந்தது. முதலில் சில நாள் அவை அரண்டு ஓடின. பிறகு எழும்பி ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தன. அதன்பிறகு எழும்பவும் இல்லை. ஒரு நாள் நான் வெடித்துவிட்டு இறங்கினால், காரின் கூரை மேலேயே ஒரு தடித்த புறா உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீஸ் வாசலில் கவுன்டர் திறக்கக் காத்திருக்கும் வாடிக்கையாளர் முகம் அதற்கு.

"இன்னைக்குச் சத்தம் பத்தலை, வஹினி" என்று காக்கு மேலேயிருந்து குறைப்பட்டார்.

அடுத்த நாள் காலையில் சரிவின் கீழே சுபேதார் கைகட்டி நின்றார். நான் வெடித்து, நிறுத்தி, நெற்றியைச் சுருக்கினேன். அவர் பானெட் அருகே வந்து காதைச் சாய்த்து எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டார். வெகு நேரம் கேட்டார்.

"மேடம், காடி ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு. நீ பொய் சொல்றே."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். குனிந்து, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆவடியிலே நான் இதேதான் பண்ணினேன். மிலிட்டரி டிரக்கிலே. ஆபீசர்ஸ் மெஸ் பின்னாலே. உள்ளே பார்ட்டி. எல்லா ஆபீசரும் டேபிள் கீழே!"

"மாட்டிக்கலீங்களா?"

"யார் பண்ணினான்னு விசாரிக்கிற டூட்டி எனக்கே குடுத்தான்" என்றவர், என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை நான் பண்றேன். குடு."

கொடுத்தேன். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அவர் எங்கள் சின்னச் சரிவை மதிக்கவேயில்லை. மெயின் ரோட்டுக்குப் போய், எங்கள் தெரு முழுக்க இறங்கி வரும் அந்த நீளமான இறக்கத்தின் உச்சியில் திருப்பினார். சாவியை அணைத்தார். வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது.

"போதுமுங்க" என்றேன்.

"வெய்ட், மேடம்."

"போதும், போதும்!"

எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் சாவியைப் போட்டார்.

அது வெடி அல்ல, இடி. என் காது கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை. கேட்க ஆரம்பித்தபோது எங்கள் வண்டி டிராக்டர் போல உறுமிக்கொண்டிருந்தது. சைலன்சர் நீளவாக்கில் பிளந்து, பாதி தரையில் உரசியது. பக்கத்துத் தெருப் புறாக்களும் சேர்ந்து பறந்தன. மூன்றாம் மாடியில் காக்கு இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார். "இதுதான்! இதுதான் வேணும்!"

சுபேதார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "சாரி, மேடம்" என்றார் சின்னக் குரலில். பிறகு, "ஆனா நல்லா இருந்துச்சு இல்லே?"

கட்டுக்கம்பியால் சைலன்சரைத் தூக்கிக் கட்டிவிட்டு, வெல்டிங் கடைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் ஜன்னலில் தலையை நீட்டி, ஸ்கூட்டர்காரர்களிடமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் மராட்டியில், இந்தியில், தமிழில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். சுபேதார் கதவைத் திறந்து இறங்கி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"பேஷன்ட் சார். டாக்டர்கிட்டே போயிட்டிருக்கோம்" என்றார் மராட்டியில்.

போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். நான் பேஷன்ட் போல இல்லை. "எங்கே பேஷன்ட்?"

சுபேதார் காரின் அடிவயிற்றைச் சுட்டினார். போலீஸ்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டு, "போய்த் தொலைங்க" என்று கையசைத்தார்.

வெல்டிங் நடக்கும்போது எதிர்க்கடையில் காரமான பயறுக் குழம்பு மிசல் சாப்பிட்டோம். மீட்டிங்கில் இதைச் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். வண்டி நன்றாக ஓடுகிறது என்பதை அவரே லிஃப்டில் எழுதி ஒட்டவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். காக்குவுக்கு நல்ல கனமான வலையாகப் பார்த்து சொசைட்டி செலவிலேயே கட்டிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். அப்படியே செய்தோம். புறாக்கள் இப்போது பக்கத்துக் கட்டடத்தில்.

வெல்டிங் முடிந்து எஞ்சினைக் கிளப்பினேன். மறுபடி தையல் மெஷின். சுபேதாரின் முகம் வாடிவிட்டது. திரும்பும் வழியில் எங்கள் தெரு இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது, சாவியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முடியவே முடியாதுங்க" என்றேன். "இப்பத்தான் பத்த வெச்சிருக்கு."

தெரு காலியாக இருந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்.

"சின்னதா ஒண்ணு" என்று சொல்லி, சாவியை அணைத்தேன்.